ஓலையில் வாசித்த தகப்பன் பெயர்

சென்ற வாரம் சந்தியாகுவை அந்தோணிராஜ் வீட்டு வாசலில் நிற்கவைத்துவிட்டு வந்தோம். அவர் அங்கேயே நின்றுகொண்டிருக்கவில்லை. உள்ளே வந்தார். தண்ணீர் குடித்தார். அழுதார். லூர்தம்மாள் பால் வாங்கக் கடைக்குப் போன நேரம் பார்த்து ஒன்று கேட்டார். அந்தோணிராஜ் அதைக் கொடுத்துவிட்டார்.

இப்போதுதான் கதைக்குள் வருகிறவர்களுக்காக இந்த நாலு வரி. வினிதா பிறந்த அன்றே அவள் தாய் பாக்கியம் இறந்துபோனாள். பிள்ளையின் முகத்தைப் பார்க்கத் திராணியில்லாமல் பம்பாய்க்கு ரயிலேறிய தகப்பன் சந்தியாகு, இருபத்து மூன்று வருஷம் கழித்து, மகளுக்குக் கல்யாணம் என்று காதில் விழுந்து திரும்பியிருக்கிறார். பாக்கியத்தின் அண்ணன் அந்தோணிராஜும் அவர் மனைவி லூர்தம்மாளும்தான் பிள்ளையை எடுத்து வளர்த்தார்கள். திருநெல்வேலிப் பக்கமிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்தபோது தூளியோடு கூட்டிவந்தார்கள். அவர்களுக்கென்று வேறு பிள்ளை தங்கவில்லை.

வினிதாவுக்கு இதெல்லாம் விவரம் தெரிந்த நாளிலிருந்தே தெரியும். தெரிந்தும் அவள் வாய்க்கு அப்பா என்றால் அந்தோணிராஜ், அம்மா என்றால் லூர்தம்மாள். தாய்மாமன் என்கிற உறவே அந்த வீட்டில் புழக்கத்தில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. அனுப்பர்பாளையத்துப் பாத்திரப் பட்டறைகளில் தட்டுகிற சத்தம் இல்லாத ஒரே நாள். வினிதா அந்தோணிராஜின் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

“அப்பா, இன்னிக்கு ஓலை வாசிக்கறப்போ பீடத்தைப் பாத்தே உக்காந்திருக்கணும். மாப்பிள்ளை வீட்டுலருந்து அருளோட அம்மா வந்திருப்பாங்க.”

“நான் வேற எங்கன பாக்கப் போறேன்?”

“போன மாசம் எங்க ஆபீஸ் மேரியக்காவுக்கு வாசிச்சாங்கல்ல. பேரைக் கேட்டதும் கோயில் மொத்தமும் திரும்பி அவங்கப்பாவைப் பாத்துச்சு. மனுஷன் கூச்சத்துல எந்திரிச்சு எல்லாருக்கும் கும்பிடு போட்டுட்டாரு.”

அடுப்படியிலிருந்து லூர்தம்மாள் சிரித்தாள். “இவிய கும்பிட மாட்டாவ. அழுவாவ. கைக்குட்டை ரெண்டா எடுத்து வையி.”

அந்தோணிராஜும் சிரிக்கப் பார்த்தார். சூடு ஆறாத சட்டையை அவள் நீட்டினாள். வாங்கி மாட்டிக்கொண்டார். முதுகில் அந்தச் சூடு பட்டபோது, இப்போதே சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. பஸ்ஸில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

ஓலை என்பது வேறொன்றுமில்லை. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு, இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் பூசைக்கு நடுவே வாசிப்பது. பிரசங்கத்தில் கண் அசருகிறவர்கள்கூட அப்போது நிமிர்ந்து உட்காருவார்கள்.

பஸ்ஸில் சொல்ல முடியவில்லை. கூட்டம். வினிதா முன்னால் நின்றாள், அவர் பின்னால் தொங்கினார்.

சந்தியாகு கேட்டது இதுதான்.

“மச்சான், அவ பேரைச் சொல்லிக் கூப்பிடக்கூட எனக்கு வாய் கிடையாது. எல்லாம் தெரியும். ஆனா இந்த ஒடம்பு ரொம்ப நாளு தாங்காது. கல்யாணத்தன்னைக்குக் கோயில் வாசல்ல இருந்து பீடம் வரைக்கும் நான் கையப் பிடிச்சிக் கூட்டிட்டுப் போறேன். ஓலையில தகப்பன்னு என் பேரு ஒரு தடவ கேட்டாப் போதும். பாக்கியத்துக்கிட்ட போயிச் சொல்ல எனக்கு இது ஒண்ணுதான்.”

சந்தியாகுவின் சட்டைக் காலர் பெரிதாகி, கழுத்து அதற்குள் குச்சியாக நின்றது. தங்கை பெயரைக் கேட்டதும் அந்தோணிராஜ் சரி என்று தலையாட்டிவிட்டார்.

போன தவக்காலத்தில் ஒரு பிரசங்கம் கேட்டார். தகப்பன் என்றால் கொடுக்கிறவர், பரம பிதா தன் ஒரே மகனையே கொடுத்தார் என்று சாமியார் சொன்னார். பனியன் கம்பெனியில் கட்டிங் டேபிளில் துணி விரிக்கும்போதெல்லாம் அது அவருக்குள் ஓடிக்கொண்டிருந்தது. கொடுக்கிறவன்தான் தகப்பன். அப்படியென்றால், கேட்டு வந்தவனுக்குக் கொடுத்துவிட்டால் நானும் ஒரு தகப்பன்தானே? மனசு அப்படிக் கணக்குப் போட்டது.

சனிக்கிழமை சாயங்காலம் பங்குச் சாமியாரிடம் போய்ப் பெயரை மாற்றச் சொன்னார்.

“வினிதாவுக்குச் சம்மதமா?” என்று சாமியார் கேட்டார்.

“என் பேச்சைத் தட்டாத பிள்ளை சாமி” என்றார் அந்தோணிராஜ். கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

கோயிலில் ஆண்கள் வலது பக்கம், பெண்கள் இடது பக்கம். வினிதா மூன்றாவது வரிசையில் முக்காட்டோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் லூர்தம்மாள். அந்தோணிராஜ் இருந்த இடத்திலிருந்து இருவருடைய கன்னமும் தெரிந்தது.

பிரசங்கம் முடிந்து சாமியார் மைக்கைச் சரிசெய்தார்.

“கருமத்தம்பட்டி ஞானப்பிரகாசம், ஆரோக்கியமேரி இவர்களின் மகன் அருள்செல்வனுக்கும், நமது பங்கைச் சேர்ந்த சந்தியாகு, காலஞ்சென்ற பாக்கியம் இவர்களின் மகள் வினிதாவுக்கும்…”

யாரும் திரும்பவில்லை. யாரைப் பார்த்துத் திரும்புவது என்று யாருக்கும் தெரியவில்லை. பிறகு கடைசி பெஞ்சில் ஒரு மனிதர் விசும்புகிற சத்தம் கேட்டது. அப்போது எல்லாத் தலையும் பின்பக்கம் திரும்பியது.

வினிதா மட்டும் பீடத்தைப் பார்த்தே உட்கார்ந்திருந்தாள். லூர்தம்மாள் முக்காட்டை நெற்றிக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள். அவள் பெயரும் அந்த ஓலையில் இல்லை என்பது அப்போதுதான் அந்தோணிராஜுக்கு உறைத்தது. ஒரு பெயரை எடுக்கச் சொன்னதாகத்தான் அவர் நினைத்திருந்தார்.

பிதாவை நோக்கிச் சொல்கிற ஜெபத்துக்கு எல்லோரும் எழுந்து கை விரித்தார்கள். வினிதாவும் எழுந்தாள். கைகள் தொங்கின. உதடு அசையவில்லை. சின்னப் பிள்ளையில் அந்த ஜெபத்தை அவளுக்குத் தொடையில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தது அவர்தான். இன்றைக்கு அவருக்கும் முதல் வார்த்தையே வரவில்லை. சுற்றி நின்றவர்கள் சொல்லி முடித்தார்கள்.

பூசை விட்டு வெளியே வந்தால், வேப்பமரத்தடியில் மாப்பிள்ளை வீட்டார். ஆரோக்கியமேரி முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள். பக்கத்தில் சந்தியாகு, இரவல் வாங்கியது போன்ற வெள்ளைச் சட்டையில்.

“ரொம்ப நல்லதாப் போச்சுங்கண்ணா” என்றாள் ஆரோக்கியமேரி. “பெத்தவரு உசுரோட இருக்கறப்ப வேற பேரு வாசிச்சா நாளைக்கு நாலு சனம் கேக்குமுங்க. உங்களுக்கு ஒரு கொறையும் வராதுங்க. தாய்மாமன் மொறை அத்தனையும் உங்களுக்குத்தானுங்க. பொண்ணுக்கு மாலை நீங்கதான் எடுத்துக் குடுக்கோணும்.”

“அதுக்கென்னங்க” என்றார் அந்தோணிராஜ்.

அவள் மனசில் கள்ளம் இல்லை. அவரவரை அவரவர் இடத்தில் உட்காரவைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிற நல்ல மனுஷி. அதனால்தான் அவளிடம் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை.

சந்தியாகு வினிதாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். பெற்ற மகளைக் கும்பிடுகிற தகப்பனை அந்தோணிராஜ் அதுவரை பார்த்ததில்லை.

வினிதா சந்தியாகுவைப் பார்த்தாள். “வாங்க. சாப்பிட்டீங்களா?” என்றாள். விருந்தாளியிடம் கேட்கிற குரல்.

“இல்ல தாயி… பசிக்கல.”

அவள் தலையாட்டிவிட்டுத் திரும்பினாள். எல்லோர் முன்னாலும், நிதானமாக, அந்தோணிராஜைப் பார்த்துச் சொன்னாள்:

“மாமா, பஸ்ஸுக்கு நேரமாச்சு. போலாமா?”

பிறந்ததிலிருந்து அந்தச் சொல்லை அவள் அவரிடம் சொன்னதில்லை.

“பாத்தீங்களா, புள்ளைக்கு எவ்வளவு வெவரம்!” என்று ஆரோக்கியமேரி பூரித்தாள்.

அந்தோணிராஜ் ‘ம்’ என்றார்.  வேட்டி நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டைப் பார்த்து நடந்தார்.

வீட்டுக் கதவைச் சாத்துகிறவரை லூர்தம்மாள் வாய் திறக்கவில்லை. சாத்தியதும் திறந்தாள்.

“என்ன காரியம் செஞ்சிட்டு வந்திருக்கிய?”

“லூர்து, அவன் நெலமையப் பாத்தா…”

“அவிய நெலமையப் பாத்திய. என் நெலமைய ஆரு பாப்பா? உங்க பேரை எடுத்தா என் பேரும் சேந்துல்லா போவும்? பாக்கியம் என் கூடப் பொறந்தவ மாதிரி. அவ பேரு வரட்டும், நான் வேண்டாம்னு சொல்லல. ஆனா என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணுமா வேண்டாமா? அவ்வளவு பெரிய கோயில்ல நான் இந்தப் பிள்ளைக்கு அத்தையா உக்காந்திருந்தேன். ஒரு மைக்குச் சத்தத்துல அத்தை ஆயிட்டேன்!”

“அம்மா, விடுங்க” என்றாள் வினிதா. கதவருகில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

“விடமாட்டேன். ஏட்டி, நீயும் கேட்டுக்கோ. இவியளுக்குத் தகப்பனாவதுக்கு மனசு வராதது இன்னைக்கில்ல. அன்னைக்கே வரல.”

“லூர்து, அது வேண்டாம்” என்றார் அந்தோணிராஜ்.

“உனக்கு மூணு மாசம். காய்ச்சல்ல பால் எறங்கல. ஆஸ்பத்திரியில கைய விரிச்சிட்டாவ. எங்க ஊரு அந்தோணியார் கோயிலுக்குத் தூக்கிட்டு ஓடுனோம்.”

அந்தப் பக்கத்து ஊர்களில் ஒரு வழக்கம் உண்டு. பிழைக்காது என்று பயந்த பிள்ளையைப் பீடத்துப் படியில் கிடத்தி, இனி இது உம்முடைய பிள்ளை என்று ஒப்புக்கொடுத்துவிடுவார்கள். பிறகு தகப்பன் முன்னே போய், ஒரு கை உப்பும் மிளகும் படியில் வைத்து, வளர்த்துக்கொள்ளத் தாரும் என்று கேட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொள்வான். நோவு பழைய பிள்ளையோடு போயிற்று, கைக்கு வந்தது புதுப் பிள்ளை என்று நம்பிக்கை.

“கோயில் உபதேசியார் கூப்பிட்டாரு, பிள்ளைக்குத் தகப்பன் வாங்கன்னு. இவிய கையில உப்பு. நின்ன எடத்துலயே நின்னாவ. மறுபடி கூப்பிட்டாரு. அப்பவும் அசையல. நீ படியில கெடந்து கத்துத. சத்தம் கொறைஞ்சிட்டே வருது. நான்தான் இவிய கையில இருந்த உப்பைப் புடுங்கிட்டுப் போயி வச்சிட்டு உன்னை எடுத்தேன். பொம்பள எடுக்கக் கூடாதுன்னு பின்னால நின்னவிய சொன்னாவ. எடுத்தேன். எனக்கு நீ பிள்ளை. இவியளுக்கு நீ யாருன்னு இவியள்ட்டயே கேளு.”

லூர்தம்மாள் அடுப்படிக்குள் போனாள். பாத்திரம் எதுவும் உருட்டவில்லை. சத்தமே இல்லாமல் உட்கார்ந்துவிட்டாள்.

வினிதா அவரைப் பார்த்தாள். “நெசமா?”

“தகப்பன்னுல்லா கூப்பிட்டாரு தாயி. நான் மாமன். தகப்பன் எங்கனயோ உசுரோட இருக்கான். நான் எப்படிப் போயி நிப்பேன்? நாளைக்கே அவன் வந்து, என் பிள்ளைய ஏன் வாங்குனேன்னு கேட்டா?”

“அப்ப இத்தன வருஷமா அவர் எப்ப வருவாருன்னு வாசலைப் பாத்துட்டேதான் என்னை வளத்தீங்களா?”

“அப்பிடி இல்ல.”

“வேற எப்படி? வந்தாரு. கேட்டாரு. எடுத்துக் குடுத்துட்டீங்க. யாரோ வெச்சுட்டுப் போன பொருளைத் திருப்பிக் குடுக்கற மாதிரி.”

“தகப்பன்னா பிடிச்சி வச்சிக்கிடுதவன் இல்ல வினிதா. குடுக்குறவன். பரம பிதா தம்முடைய ஒரே மகனையே குடுக்கலையா? நான் எம்மாத்திரம்?”

சொல்லும்போதே அது தனக்குள் இருந்தபோது இருந்த மாதிரி இல்லை என்று அவருக்குத் தெரிந்தது.

வினிதா சிரித்தாள். கண்ணில் தண்ணீரோடு வந்த சிரிப்பு.

“குடுத்தாரு. சொல்லாமயா குடுத்தாரு? சிலுவைக்கு முந்தின ராத்திரி பூரா அந்தத் தோட்டத்துல மகன் அப்பாகிட்ட அழுதாரே. இது வேண்டாம்னு கெஞ்சறதுக்காவது அவருக்கு ஒரு ராத்திரி இருந்துச்சு. எனக்கு நீங்க அதைக்கூடக் குடுக்கல. எல்லார்கூடவும் உக்காந்து மைக்ல கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்.”

“தப்புதான். பெத்தவன் கேக்கும்போது, பெறாத நான் என்ன சொல்ல முடியும்னு…”

“அந்த மகனை வளத்த சூசையப்பர் பெத்தாரா? வலது பக்கம் தனிப் பீடம் வெச்சு மெழுகுவத்தி ஏத்தறீங்கல்ல. அவரை யாராச்சும் மாமான்னா கூப்பிட்டாங்க?”

அந்தோணிராஜ் கையைக் கூப்பினார். “திட்டு, அடி, என்ன வேணா செய்யி. அப்பிடி மட்டும் கூப்பிடாத தாயி. அங்க மரத்தடியில அப்பிடியே செத்துப் போனேன்.”

“எனக்கு மட்டும் இனிச்சுதா?” அவள் குரல் உடைந்தது. “நீங்க பதறிப்போய், நான் மாமா இல்லைன்னு சொல்லுவீங்கன்னுதான் கூப்பிட்டேன். அவங்க எல்லாரும் பாத்துட்டு நிக்கறப்ப ஒரு வார்த்தை சொல்லுவீங்கன்னு. ‘ம்’னு சொல்லிட்டு வந்தீங்க.”

 அவள் கழற்றாத செருப்போடு அப்படியே வெளியே இறங்கினாள். தெருமுனையில் திரும்புகிறவரை பார்த்தார். பின்னாலேயே ஓடியிருக்கலாம். கால் நின்ற இடத்தில் நின்றது.

வெயில் தாழ்கிறவரை அவள் வரவில்லை. மொபைலை மேசையிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தாள். மாப்பிள்ளை அருள்செல்வனின் பெயர் அதில் வந்து வந்து நின்றது. எடுக்க இருவருக்கும் தைரியமில்லை. சோறு அப்படியே இருந்தது. லூர்தம்மாள் சுவரைப் பார்த்துச் சொன்னாள்: “தேடிப் போறியளா, இல்ல அதுக்கும் நான்தான் போவணுமா?”

அந்தோணிராஜ் எழுந்தார். முதலில் போனது சாமியார் பங்களாவுக்கு. சாமியார் சின்ன வயது. அவருக்கு வினிதாவைவிட ஏழெட்டு வயதுதான் கூட இருக்கும். வாசலில் தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

“தோத்திரம் சாமி. பேரை மறுபடி மாத்தணும்.”

“உங்க பொண்ணு இப்பதான் வந்துட்டுப் போனாங்க” என்றார் சாமியார். “பேரை மாத்தச் சொல்லல. சந்தியாகு எங்க தங்கியிருக்காருன்னு கேட்டாங்க. பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜ்னு சொன்னேன்.”



“நேத்தே உங்களைக் கூர்ந்து கேட்டிருக்கணும் அண்ணாச்சி. எனக்கும் இதுல பங்கு இருக்கு.”

“சாமி, குடுக்குறதுதானே தகப்பன் கொணம்? நீங்கதானே பிரசங்கம் வச்சிய. அதைத்தானே நான் செஞ்சேன். அதுல எங்க தப்பு?”

சாமியார் வாளியைக் கீழே வைத்தார். 

“ஊரே என்னை ஃபாதர்ங்குது. காய்ச்சல் பிள்ளையைத் தோள்ல போட்டுட்டு நான் ஒரு ராத்திரிகூட நடந்தது கிடையாது. படிச்சதை வெச்சுத்தான் சொல்றேன்” என்றார். “பரம பிதா மகனைக் கொடுத்தது கடைசில. அதுக்கு ரொம்ப முன்னாடியே, மகன் ஞானஸ்நானம் வாங்குன ஆத்தங்கரையில, ஜனங்க நிக்கும்போது, இவர் என் மகன்னு வானத்துல இருந்து சொல்லிட்டாரு. இதைச் சேத்து நான் அந்தப் பிரசங்கத்துல சொல்லியிருக்கணும். பாதிதான் சொன்னேன்.”

அந்தோணிராஜ் பஸ் ஏறினார். ஜன்னலோரம் இடம் கிடைத்தது.

அவள் அப்பா என்று கூப்பிட்டபோதெல்லாம் அவர் ஓடிப் போயிருக்கிறார். பள்ளிக்கூட வாசலில் மழையில் நின்றிருக்கிறார். பல் முளைத்ததும் பரீட்சை எழுதியதும் எல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆனால் தன் வாயால் ஒருவரிடமாவது, இவள் என் மகள் என்று சொன்னதுண்டா? யோசித்துப் பார்த்தார். கம்பெனியில் ‘நம்ம வீட்டுப் பிள்ளை’ என்பார். சொந்தக்காரர்களிடம் ‘பாக்கியத்துப் பிள்ளை’ என்பார். டாக்டர் ‘உங்க பொண்ணா?’ என்று கேட்டால் தலையாட்டுவார். அவள் கொடுத்த பெயரை இத்தனை வருஷமும் வாங்கி வாங்கி வைத்துக்கொண்டார். பதிலுக்கு ஒரு முறையும் அவர் அவளுக்குக் கொடுத்ததில்லை.

பஸ் ஸ்டாண்டைச் சுற்றி ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். லீவு நாளில் புதுச்சட்டை போட்ட பனியன் கம்பெனிப் பையன்கள் தமிழிலும் இந்தியிலும் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். லாட்ஜ் சந்துக்குள் இருந்தது. மேசைக்குப் பின்னால் மேனேஜர் கன்னையன் ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க, ஆரைப் பாக்கோணும்?”

“சந்தியாகுன்னு ஒருத்தரு…”

“மாடியில மொத ரூமுங்க. ஆனா இப்பப் போகாதீங்க. அவரு புள்ள வந்திருக்குது.” கன்னையன் குரலைத் தாழ்த்தினார். “வயசுப்புள்ள தனியா வந்து ரூமைக் கேட்டா நாங்க விட்டுருவமுங்களா? ஆரும்மா நீன்னு அதட்டுனேன். ‘உள்ள இருக்கறது எங்கப்பா, நான் பாக்கோணும்’னுச்சு. கண்ணெல்லாஞ் செவந்து கெடந்துது. சரி, என்ன பிரச்சினையோன்னு விட்டுட்டேனுங்க.”

எங்கப்பா.

கொடுத்ததை அவள் வாங்கிக்கொண்டுவிட்டாள். சந்தியாகு கேட்டது அதுதானே. அந்தோணிராஜ் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

திரும்பிப் போய்விடலாம் என்று தோன்றியது. அப்படிப் போனால் அதற்கும் ஒரு பெயர் வைத்துக்கொள்ளலாம், விட்டுக்கொடுத்தேன் என்று. அவர் படியில் கால் வைத்தார்.

“ஏனுங்க, சொல்லச் சொல்லப் போறீங்களே!” கன்னையன் எழுந்து பின்னால் வந்தார். “அப்பனும் மகளும் என்னமோ பேசிட்டிருக்காங்க. நீங்க அந்தப் புள்ளைக்கு என்ன வேணுமுங்க?”

மாடி வராந்தா குறுகல். முதல் அறைக் கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. உள்ளே சந்தியாகு இருமுகிற சத்தம். நடுவே வினிதாவின் குரல், தாழ்ந்து, எதையோ திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. சமாதானம் சொல்கிறாளா, சண்டை போடுகிறாளா என்று பிடிபடவில்லை.

“கேக்கறேனுங்க, ஆரு நீங்க?” கன்னையன் அவர் தோளைப் பிடித்தார். வராந்தாவில் வேட்டி உலர்த்திக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். எதிர் அறையிலிருந்து ஒருவர் தலையை நீட்டினார்.

அந்தோணிராஜ் கதவிலிருந்து கண்ணை எடுத்துக் கன்னையன் பக்கம் திரும்பினார். 

“நான் அவ அப்பா” என்றார்.

“என்னங்க வெளையாடறீங்க? அப்பன் உள்ளயல்லங்க இருக்கறாரு? ஒரு புள்ளைக்கு எத்தன அப்பனுங்க?”

எதிர் அறைக்காரர் சிரித்தார்.

“உள்ள இருக்கறவரு பெத்தவரு.” அவர் குரல் வராந்தா முழுக்கக் கேட்டது. அவ்வளவு சத்தமாக அவர் பேசி அவரே கேட்டதில்லை. “வினிதா என் மக. எல்லாரும் கேட்டுக்கிடுங்க. அவ என் மக. அவள ஆருக்கும் குடுக்க எனக்கு மனசில்ல. கல்யாணத்துக்கு அவ கையப் பிடிச்சி நான்தான் கூட்டிட்டுப் போவேன். அவ சம்மதிச்சா. அவ சம்மதிச்சா மட்டும்.”

சிரித்தவர் சிரிப்பை நிறுத்தினார். கன்னையன் தோளிலிருந்து கையை எடுத்தார்.

உள்ளே பேச்சு நின்றுபோயிற்று. இருமல் சத்தமும் இல்லை. கட்டிலிலிருந்து யாரோ எழுந்தார்கள். காலடிகள் கதவுக்கு அருகில் வந்தன. ஒருக்களித்திருந்த கதவு மெல்ல நகர்ந்து, திறக்காமல், சட்டத்தோடு சேர்ந்து மூடிக்கொண்டது.

தாழ்ப்பாள் விழும் சத்தத்துக்காக அந்தோணிராஜ் காத்து நின்றார். அது விழவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம், மிக அருகில், மரத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுகிற சத்தம் மட்டும் கேட்டது. அழுவது மகளா, அவளைப் பெற்றவரா என்று அவருக்குத் தெரியவில்லை.